மேகத்துக்கு மேலே ட்ரோன்: சான் பிரான்சிஸ்கோவில் எதுவரை போகலாம்?

வாசகர் கடிதம்: "சார், நான் சன்னிவேலில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், எச்-1பி விசா. சமீபத்தில் டிஜேஐ மினி 4 ப்ரோ வாங்கினேன். சான் பிரான்சிஸ்கோவில் மூடுபனிக்கு மேலே கோபுரங்களின் தலை மட்டும் தெரிகிற வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. எம்பார்கடேரோ கரையில் நின்று ட்ரோனைப் பனிக்கு மேலே ஏற்றி, சேல்ஸ்ஃபோர்ஸ் டவரைச் சுற்றி ஒரு ஷாட் எடுத்து என் யூடியூப் சேனலில் போட வேண்டும். சேனலில் கொஞ்சம் விளம்பரப் பணமும் வருகிறது. 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள், சரிதானே? எவ்வளவு உயரம் போகலாம்? மேகத்துக்கு மேலே பறப்பது தப்பா? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கொடைக்கானலுக்கும் எடுத்துப்போகலாமா?"

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எம்பார்கடேரோவில் நின்றுகொண்டு பனியைத் துளைத்து ட்ரோனை மேலே அனுப்புவது சட்டவிரோதம். ட்ரோன் 249 கிராம் என்பது அதைக் காப்பாற்றாது. ஆனால் தாழ்மேகமும் கோபுரங்களும் சேர்ந்த படத்தைச் சட்டப்படி எடுக்க வழி இருக்கிறது. ட்ரோன் எவ்வளவு உயரம் போகும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் எங்கே நின்று அதைப் பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் முக்கால்வாசிச் சட்டம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 250 கிராம் கதையை முடித்துவிடுவோம். வெறும் பொழுதுபோக்குக்காக, பணமோ தொழிலோ கலக்காமல் பறக்கவிட்டால், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.விடம் பதிவு செய்ய வேண்டாம், பறக்கும்போது ட்ரோன் தன் அடையாளத்தை ஒலிபரப்புகிற ரிமோட் ஐடியும் வேண்டாம். சலுகை அவ்வளவுதான். ட்ரஸ்ட் என்கிற இலவச ஆன்லைன் தேர்வை முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். 400 அடி வரம்பு, ட்ரோன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது, விமான நிலைய வான்பரப்புக்கு முன் அனுமதி, எல்லாம் உங்களுக்கும் உண்டு.

உங்கள் சேனலில் விளம்பரப் பணம் வருகிறது என்கிறீர்கள். அந்தச் சேனலுக்காகவே ட்ரோனை ஏற்றினால் அது பொழுதுபோக்குக் கணக்கில் சேராது. அப்போது நீங்கள் பொழுதுபோக்கு அல்லாத ட்ரோன்களுக்கான பார்ட் 107 விதிகளுக்குள் வந்துவிடுகிறீர்கள். 2016 ஆகஸ்ட் 29 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள் இவை. ஒரு எழுத்துத் தேர்வு: 60 கேள்வி, 2 மணி நேரம், 70 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி, கட்டணம் 175 டாலர். குறைந்தபட்ச வயது 16. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. 24 மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் இலவசமாகப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். பார்ட் 107-இல் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு ட்ரோனையும் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், ரிமோட் ஐடியும் வேண்டும். ஆக, நீங்கள் எந்தச் சலுகைக்காக மினி வாங்கினீர்களோ அது முதல் நாளே போய்விடுகிறது. ஐ.டி. வேலையில் இருக்கிற உங்களுக்கு இந்தத் தேர்வு பெரிய விஷயமில்லை. விமானிகளின் வரைபடத்தையும் வானிலை அறிக்கையையும் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், அவை இரண்டும் கீழே நமக்குத் தேவைப்படவும் போகின்றன.

நடுவில் ட்ரோனுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எச்-1பி விசா உங்களை அழைத்த நிறுவனத்துக்கு வேலை செய்ய மட்டும்தான். பார்ட் 107 சான்றிதழ் வாங்குவதில் பிரச்சினை இல்லை. அதை வைத்துச் சம்பாதிப்பது, யூடியூப் பணம் உட்பட, வேறு கேள்வி. அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், ட்ரோன் ஓட்டுகிறவனிடம் கேட்காதீர்கள்.

சரி, உயரம். தரையிலிருந்து 400 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பார்ட் 107-இல் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு கட்டடத்திலிருந்து 400 அடி தூரத்துக்குள் இருந்தால், அந்தக் கட்டடத்தின் உச்சிக்கு மேலே இன்னும் 400 அடி வரை போகலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் டவர் 1,070 அடி. கணக்குப்படி அதன் பக்கத்தில் 1,470 அடி வரை போகலாம். நகரக் காட்சி எடுக்கிற தொழில்முறை ஆட்கள் உயரத்தில் பறப்பதற்கு இந்த விதிதான் காரணம். பொழுதுபோக்குப் பிரிவில் இந்த விதிவிலக்கு கிடையாது. அங்கே பக்கத்தில் எந்தக் கோபுரம் இருந்தாலும் 400 அடியோடு சரி.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டவரின் அடியில் மிஷன் தெருவும் ஃப்ரீமாண்ட் தெருவும் இருக்கின்றன, நடைபாதை முழுக்க ஆட்கள். உங்கள் ட்ரோன் வேலையில் பங்கெடுக்காதவர்களின் தலைக்கு மேலே பறக்க வேண்டுமானால் ட்ரோன் அதற்கென்று வகுத்த நான்கு வகைகளில் ஒன்றில் வர வேண்டும். முதல் வகை எல்லாம் சேர்த்து 0.55 பவுண்டு, அதாவது சுமார் 250 கிராமுக்குள் இருக்க வேண்டும், தோலைக் கிழிக்கிற மாதிரி இறக்கை வெளியே சுழலக் கூடாது. மினியின் இறக்கைகள் திறந்தே இருக்கின்றன. பாதுகாப்பு வளையம் மாட்டினால் எடை 250-ஐத் தாண்டும். ஆகவே தெருவுக்கு மேலே உங்கள் மினிக்கு இடமில்லை.

அப்புறம் பார்வை. ஆயிரம் அடிக்கு மேலே ஒரு மினியை அண்ணாந்து பார்த்து அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? விதி கேட்பது அதைத்தான்: மூக்குக் கண்ணாடி தவிர வேறு உதவி இல்லாமல், அது எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். திரையில் தெரிவது கணக்கில் வராது.

வான்பரப்பையும் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் எஸ்.எஃப்.ஓ. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள, முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாத பி வகுப்பு வான்பரப்பு தரையிலிருந்து தொடங்கி, தள்ளிப் போகப் போக உயரத்தில் தட்டுத் தட்டாக விரிகிறது. விரிகுடாவின் அந்தப் பக்கம் ஓக்லாந்து விமான நிலையத்தின் சி வகுப்பு, அங்கும் அனுமதி வேண்டும். லான்ஸ் என்கிற எஃப்.ஏ.ஏ.வின் உடனடி அனுமதி வசதி உள்ள ஆப்பில் நீங்கள் நிற்கிற கட்டத்தைத் தொட்டால் எத்தனை அடிக்கு உடனடி அனுமதி கிடைக்கும் என்று காட்டும். கட்டத்தில் 100 என்று போட்டிருந்தால் 100 அடிதான். பக்கத்தில் உயரமான கட்டடம் இருக்கிறது என்று மேலே சொன்ன 400 அடியைக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

ட்ரோனே தடுத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். 2025 ஜனவரியில் டிஜேஐ அமெரிக்காவில் தன் தடைப் பகுதிப் பூட்டுகளை எடுத்துவிட்டது. இப்போது எச்சரிக்கை மட்டும் வரும், இயந்திரம் பறக்கும். உங்கள் ஆப்பில் உயர வரம்பை 500 மீட்டர் வரை நகர்த்தவும் முடியும், அது 1,640 அடி. இயந்திரம் விடுகிறது என்பதால் சட்டம் விடுகிறது என்று ஆகாது. மீறலுக்கு எஃப்.ஏ.ஏ. விதிக்கக்கூடிய அபராதம் ஒவ்வொன்றுக்கும் 75,000 டாலர் வரை.

இப்போது மேகம். பார்ட் 107 மூன்று எண்கள் தருகிறது. மேகத்துக்குக் கீழே குறைந்தது 500 அடி தள்ளி இருக்க வேண்டும். பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து 3 மைல் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காரணம் எளிது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஹெலிகாப்டர் வெளியே வந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் சில விநாடிகளாவது இருக்க வேண்டும். மேகம் தாழும்போது ஹெலிகாப்டர்களும் அதற்குக் கீழே தாழப் பறக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஷன் பே மருத்துவமனையின் கூரையிலேயே ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. தெளிவான நாளில் உங்களுக்கு எட்டாத உயரத்தில் போகிறவர் பனி நாளில் உங்கள் உயரத்துக்கே வந்துவிடுவார்.

மேகத்துக்கு மேலே எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று விதியில் எண்ணே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, "எண் இல்லை என்றால் மேலே பறக்கலாம்" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் பொறுமை இல்லை. நீங்கள் கீழே, ட்ரோன் மேலே, நடுவில் மேகம் என்றால் ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பார்வை விதி அங்கேயே உடைந்துவிட்டது. மேலே போகிற வழியில் மேகத்துக்குள் நுழைந்தபோதே 500 அடி விதியும் போய்விட்டது. பொழுதுபோக்குப் பிரிவில் இந்த மேக எண்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் பார்வை விதி அங்கேயும் அப்படியே இருக்கிறது, முடிவு மாறாது.

பார்வை விதி ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ. ஒருவர் சான்டா மோனிகாவில் ஒரு பார்க்கிங் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து தீயைப் பார்க்க ட்ரோனை விட்டார். அது 2,500 மீட்டருக்கும் அதிகமான தூரம் போனது, அவர் கண்ணுக்குத் தெரியாத தூரம். அங்கே கனடாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் மோதி, 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் பழுதுபார்க்கத் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்பந்தத்தில் இழப்பீடு 65,169 டாலர், 150 மணி நேரச் சமூக சேவை. அவருக்கும் படம் எடுக்கிற ஆசைதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

எஃப்.ஏ.ஏ.விடம் விலக்கு கேட்க முடியாதா என்றால், முடியும். மேக தூரத்துக்கும் உயரத்துக்கும் விலக்கு கோரலாம், முடிவுக்கு 90 நாள் வரை ஆகலாம். ஆனால் மேகத்துக்குப் பின்னால் வருகிற விமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒற்றை ஆளாக ஒரு மினியை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுத முடியாது.

இனி எடுக்கக்கூடிய படங்களுக்கு வருவோம். அதற்கு முன் நம் பனியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் கலிபோர்னியாக் கரையோரக் கடல்நீர் சில்லென்று இருக்கிறது. அதன்மேல் வரும் ஈரக் காற்று குளிர்ந்து தாழ்மேகமாகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடியாக உட்கார்ந்திருப்பதால் மேகம் மேலே எழும்ப முடியாமல் தட்டையாகப் பரவுகிறது. உள்நாட்டுச் சமவெளி வெயிலில் காய்ந்து காற்றை இழுக்க, கோல்டன் கேட் இடைவெளி வழியாக அது விரிகுடாவுக்குள் வழிகிறது. நாம் மூடுபனி என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தாழ்மேகம்தான். அதற்கு ஒரு அடிமட்டம் உண்டு, ஒரு உச்சி உண்டு. இரண்டும் எத்தனை அடி என்று தெரிந்தால் அன்று என்ன படம் கிடைக்கும் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

அடிமட்டம் தெரிய விமான நிலையத்தின் மெட்டார் என்கிற வானிலை அறிக்கையைப் பாருங்கள். "ஓவிசி 008" என்று இருந்தால் வானம் முழுக்க மூடிய மேகம், அடிமட்டம் 800 அடி. அதில் 500-ஐக் கழித்தால் 300 அடிதான் உங்கள் வரம்பு. முழு 400 அடி வேண்டுமானால் 009 ஆவது இருக்க வேண்டும். 005 என்றால் பையைத் திறக்கவே வேண்டாம். அந்த எண் விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது, எஸ்.எஃப்.ஓ. கிட்டத்தட்டக் கடல்மட்டம். நீங்கள் 900 அடிக்கும் மேலே இருக்கிற ட்வின் பீக்ஸில் நின்றால், 009 என்கிற நாளில் மேகம் உங்கள் தலையில் இருக்கும்.

எஸ்.எஃப்.ஓ.வில் இருப்பதும் நகரத்தில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று இல்லை. அதற்கு நகரமே அளவுகோல் வைத்திருக்கிறது. கோல்டன் கேட் பாலத்தின் கோபுரங்கள் 746 அடி. ட்ரான்ஸ்அமெரிக்கா பிரமிட் 853 அடி. சேல்ஸ்ஃபோர்ஸ் டவர் 1,070 அடி. தண்ணீர்ப் பக்கம் நின்று பாருங்கள். பிரமிட்டின் முனை தெளிவாகத் தெரிகிறது, சேல்ஸ்ஃபோர்ஸின் தலை மேகத்துக்குள் போய்விட்டது என்றால் மேகத்தின் அடிமட்டம் 853-க்கும் 1,070-க்கும் நடுவில். பாதுகாப்பான பக்கம் எடுத்துக்கொண்டு 853-இல் 500-ஐக் கழித்தால் 350 அடி. அதற்கு மேலே போகாதீர்கள்.

அந்தக் காலைதான் உங்கள் படம். கோபுரங்களின் தலை மேகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 300 அடியில் விரிகுடா நீருக்கு மேலே நின்று, ஒரு சாம்பல் கூரைக்குள் கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலை நுழைத்து மறைவதை எடுத்தவர்கள் குறைவு. என் கண்ணுக்கு அதுதான் நல்ல படம். நகரத்தின் உயரம் அதில்தான் தெரிகிறது. நீர்மேல் பறப்பதால் தலைக்கு மேலே பறக்கிற பிரச்சினையும் இல்லை. படகுகளைப் பார்த்துக்கொண்டால் போதும்.

விடியற்காலையில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் சூரிய உதயத்துக்கு முந்தைய அரை மணி நேரத்துக்கும் இரவுக்கும் 3 மைல் தூரம் தெரிகிற மின்னும் விளக்கு வேண்டும். மினியில் இருக்கிற சின்ன விளக்குகள் அதற்குப் போதாது. தனியாக வாங்கி ஒட்ட வேண்டும், ஒட்டினால் 250 கிராம் தாண்டும். பொழுதுபோக்குப் பிரிவில் பறக்கவிடுகிற உங்கள் நண்பர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

எங்கிருந்து ஏற்றுவது? எனக்கு வருகிற கடிதங்களில் ஆட்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். வானம் எஃப்.ஏ.ஏ.வுடையது, ஆனால் நீங்கள் நிற்கிற தரைக்கு வேறு முதலாளி இருக்கிறார். க்ரிஸ்ஸி ஃபீல்ட், பேக்கர் பீச், லேண்ட்ஸ் எண்ட், ஓஷன் பீச், மரின் ஹெட்லேண்ட்ஸ், அல்காட்ராஸ் எல்லாம் தேசியப் பூங்காத் துறையின் கீழ் வருகின்றன. அங்கே 2014-இலிருந்து ட்ரோனை ஏற்றவோ இறக்கவோ கூடாது. 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். நகரப் பூங்காக்களிலும் அனுமதி இல்லாமல் முடியாது. எம்பார்கடேரோ கரை துறைமுகத் துறையின் இடம், அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நகரச் சொத்தில் நின்று தொழில்முறையாகப் படம் பிடிக்க ஃபிலிம் எஸ்.எஃப். என்கிற நகர அலுவலகத்தின் அனுமதி வேறு. நண்பர் யாரிடமாவது படகு இருந்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. நிறுத்திவைத்த படகிலிருந்து ஏற்றலாம், கையில் பிடித்து இறக்க மட்டும் முன்பே வேறெங்காவது பழகிக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற அன்று பேஸ்பால் அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். 30,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் பெரிய லீக் பேஸ்பால் ஆட்டம் நடந்தால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, சுற்றிலும் 3 கடல் மைல், 3,000 அடி உயரம் வரை தடை. ஜெயன்ட்ஸ் ஆடுகிற ஓரக்கிள் பார்க் டவுன்டவுனை ஒட்டியே இருக்கிறது. ஆக அந்த நேரத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் டவர், பிரமிட், எம்பார்கடேரோ எல்லாமே தடைக்குள். கோடை என்றால் மூடுபனிக் காலம், கோடை என்றால் பேஸ்பால் காலமும்கூட. வாரியர்ஸின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு இந்தத் தடை இல்லை. அக்டோபரில் ஃப்ளீட் வீக் விமான சாகசம் நடக்கும் நாட்களில் தனித் தடை வரும்.

இல்லை, எனக்கு மேகத்துக்கு மேலிருந்துதான் வேண்டும் என்றால், நீங்களும் மேகத்துக்கு மேலே போய் நிற்க வேண்டும். மேகத்தின் உச்சி எத்தனை அடி என்பதற்கு ஓக்லாந்திலிருந்து வானிலைத் துறை தினம் இருமுறை, அதிகாலையிலும் மாலையிலும், பலூன் விடுகிறது. பலூனின் அளவீட்டு வரைபடத்தில் வெப்பநிலை திடீரென்று ஏறத் தொடங்குகிற இடம் கிட்டத்தட்ட மேகத்தின் உச்சி. அது 1,000 அடி என்றால், ஓக்லாந்து மலையில் 1,400 அடியில் நிற்பவருக்குக் காலடியில் வெள்ளைக் கடல். ட்ரோன் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, பார்வை விதி சரி. மேக விளிம்பிலிருந்து 2,000 அடி, அதாவது 600 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தள்ளி நிறுத்திக்கொண்டால் அந்த விதியும் சரி. நேராக மேகத்தின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, மலைகளின் பூங்காக்களில் பெரும்பாலும் ட்ரோனுக்குத் தடை: ஈஸ்ட் பே ரீஜனல் பார்க்ஸ், தீபகற்பத்தில் மிட்பெனின்சுலா திறந்தவெளி நிலங்கள் எல்லாம் அப்படி. மலைமேல் வீடு இருக்கிற யாரையாவது பிடியுங்கள். நம் தமிழ்ச் சங்கத்தில் விசாரித்தால் கிடைக்காமலா போகும்? தனியார் இடம், சொந்தக்காரர் சம்மதம், பிரச்சினை முடிந்தது. இன்னொன்று சரிவு. ட்ரோன் காட்டுகிற உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து அளந்தது. சட்டம் கேட்பது அதற்கு நேர் கீழே இருக்கிற தரையிலிருந்து. 300 அடியில் நிறுத்தி அப்படியே பள்ளத்தாக்குப் பக்கம் நேராகத் தள்ளினால், தரை 200 அடி இறங்கிய இடத்தில் திரை இன்னும் 300 என்றுதான் சொல்லும். நீங்கள் 500-இல் இருப்பீர்கள். முன்னே போகப் போக ட்ரோனை இறக்கிக்கொண்டே போக வேண்டும்.

அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ கோபுரங்கள் பத்து மைல் அளவில் தள்ளி இருக்கின்றன. உங்கள் மினியின் 24 மி.மீ. லென்ஸில் அவை தீக்குச்சி முனை அளவுதான் தெரியும். 70 மி.மீ. கேமரா உள்ள ஏர் 3, இல்லை 166 மி.மீ. உள்ள மேவிக் 3 ப்ரோ இருந்தால் கதை வேறு. உண்மையைச் சொன்னால், பாலத்தின் கோபுரம் பனிக்கு மேலே நிற்கும் படம் வேண்டுமென்றால் ட்ரோனே தேவையில்லை. மரின் பக்கம் 923 அடி உயர ஹாக் ஹில்லில் ஒரு டிரைபாடும் டெலி லென்ஸும் போதும். பாலத்தின் கோபுரம் 746 அடி, நீங்கள் அதைவிட உயரத்தில் நிற்கிறீர்கள்.

இயந்திரத்தில் கை வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்யுங்கள்: ரிட்டர்ன் டு ஹோம் உயரம். சிக்னல் போனால் ட்ரோன் முதலில் நீங்கள் வைத்த உயரத்துக்கு ஏறும், பிறகுதான் திரும்பும். அதை 120 மீட்டரில் விட்டுவிட்டு, 250 அடிதான் வரம்பு என்கிற நாளில் பறக்கவிட்டால், சிக்னல் போன அடுத்த நிமிடம் அது தானாகவே மேகத்தை நோக்கி ஏறும். ஒவ்வொரு முறையும் அன்றைய மேகக் கணக்குக்குக் கீழே, பக்கத்துப் பாய்மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் மேலே இருக்கும்படி மாற்றிவையுங்கள். பனிக்குள் போனால் தடை உணரும் கேமராக்களுக்கு எல்லாமே வெள்ளை, எதையும் நம்ப முடியாது. ஈரம் லென்ஸில் படிந்து படமும் போகும். மினி தாங்குகிற காற்று நொடிக்கு 10.7 மீட்டர், மணிக்குச் சுமார் 24 மைல். கோடைப் பிற்பகலில் கோல்டன் கேட் வழியாக வருகிற காற்று அதைச் சாதாரணமாகத் தொடும். காலையில் போங்கள். பார்க்கிங் கட்டட மேல்தளத்திலிருந்து ஏற்றாதீர்கள், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி திசைகாட்டியைக் குழப்பும்.

அடுக்குமாடி ஜன்னல்களுக்கு நேரே நிறுத்தாதீர்கள். அடுத்தவர் நிலத்துக்கு மேலே வானில் நுழைந்து அவர்களின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது கலிபோர்னியா சிவில் சட்டப்படி வழக்குக்குரியது.

கடைசியாகக் கொடைக்கானல். எடுத்துப்போகாதீர்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு, உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. பெட்டியில் மறைத்து வைத்தால் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், சுங்கத் துறையிடம் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே வேண்டுமானால் பதிவெண் வாங்கிய ட்ரோனும் பைலட் சான்றிதழும் வைத்திருக்கிற உள்ளூர் கல்யாண வீடியோக்காரரை ஒரு காலைக்குப் பேசிக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், மண்டல வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது. காட்டுப் பகுதி என்றால் வனத்துறையிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். தொகை பேசுவதற்கு முன் ட்ரோனின் பதிவெண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.